ஜெல்லுக்குள் கரைப்பான்: மூன்று கோடுகள் சொல்லும் செய்தி

(மதுரை விளாங்குடியில் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1.5 கிராம் அகர் தூளை 100 மில்லி தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கி, ஆறவிடுங்கள். சூடு 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் அது கட்டியாகிவிடும். கத்தியால் துண்டு போடலாம். தட்டில் கவிழ்த்தால் வடிவம் மாறாமல் நிற்கும். ஆனால் அந்தத் துண்டில் 98 சதவீதத்துக்கு மேல் இருப்பது தண்ணீர்தான். ஓடக்கூடிய ஒரு திரவம், அதில் சேர்ந்த சிறிதளவு பொருளால் ஓடாமல் நின்றுவிட்டது. அப்படியானால் உள்ளே இருக்கும் தண்ணீர் என்ன ஆனது? அது இன்னும் தண்ணீராகவே இருக்கிறதா? அதன் மூலக்கூறுகள் பழையபடி ஓடியாடுகின்றனவா, இல்லை கட்டுண்டு கிடக்கின்றனவா? இன்று நான் பேச வந்திருப்பது இந்த ஒரு கேள்வியைப் பற்றி. அதற்கு விடை காண உதவும் ஓர் அருமையான கருவியைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

இந்தக் கேள்வியை மதுரையில் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் பகுதியில், பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப் பாசி என்றும் சொல்லும் சிவப்புப் பாசிகளிலிருந்துதான் அகர் கிடைக்கிறது. கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி ஆல்ஜினேட் தருகிறது. அந்தப் பாசி லாரி ஏறி வந்து சேரும் ஊர்களில் மதுரை முக்கியமானது. இந்திய அகர் தொழில் வேரூன்றிய இடங்களில் நம் ஊரும் ஒன்று. ஜிகர்தண்டாவில் கடல்பாசியாகக் கரண்டியில் வரும் அதே பொருள், மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டாகவும், மரபணு ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரிக்கும் படுகையாகவும் பயன்படுகிறது. ஜெல் நமக்கு அன்னியமான பொருளே அல்ல.

ஜெல் என்பது என்ன, அதை மாற்றுவது எப்படி

நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைப் பலபடி என்கிறோம். அந்தச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, அந்த வலையின் கண்களுக்குள் ஒரு திரவம் நிரம்பியிருந்தால் அது ஜெல். வலை இல்லாவிட்டால் திரவம் ஓடிவிடும். திரவம் இல்லாவிட்டால் வலை சுருங்கிக் காய்ந்த தூளாகிவிடும். ஜெல்லின் குணம் இரண்டும் சேர்ந்திருப்பதில் இருக்கிறது. அந்தத் திரவத்தைத்தான் வேதியியலில் கரைப்பான் என்கிறோம்.

வலையை நம் தேவைக்கு ஏற்ப மாற்றலாம். குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினால் கண்கள் சிறுத்து வலை இறுகும். குறைத்தால் தளர்ந்து நிறையத் திரவத்தை வாங்கும். சங்கிலியில் தொங்கும் வேதித் தொகுதிகளை மாற்றினால், நீரை விரும்பும் வலை எண்ணெய்ப் பசையுள்ள கரைப்பானையும் ஏற்கத் தொடங்கும். அகர் தொழிலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கஞ்சிப் பாசி போன்ற பாசிகளின் அகரில் சல்பேட் தொகுதிகள் அதிகம். அப்படியே எடுத்தால் ஜெல் பலவீனமாக இருக்கும். பாசியைக் காரக் கரைசலில் சூடாக்கினால் சல்பேட்டின் ஒரு பகுதி நீங்கி, சர்க்கரை அலகின் வடிவமே மாறி, சங்கிலிகள் நன்றாக முறுக்கிக்கொள்ளும். ஜெல் உறுதியாகிறது. ஆலையில் அன்றாடம் நடக்கும் இந்த வேலையே பலபடி ஜெல்லை வேதிமுறையில் மாற்றும் வேலைதான்.

ஆய்வகங்களில் புகழ்பெற்றது செபடெக்ஸ். சுவீடனின் உப்சாலா நகரில் ஜெர்க்கர் பொராத், பெர் ஃப்ளோடின் இருவரின் ஆய்விலிருந்து 1959-இல் வெளிவந்த பொருள் அது. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியை எபிகுளோரோஹைட்ரின் கொண்டு குறுக்கே பிணைத்துச் செய்த சிறு மணிகள். ஜி-25 என்ற வகை ஒரு கிராமுக்குச் சுமார் 2.5 கிராம் தண்ணீரை வாங்கும். ஜி-200 என்ற தளர்ந்த வகை சுமார் 20 கிராம் வாங்கும். இந்த ஜி-25 மணிகளில் ஹைட்ராக்சிபுரொப்பைல் தொகுதிகளைச் சேர்த்தால் எல்.எச்-20 கிடைக்கிறது. மூல மணி முக்கியமாகத் தண்ணீரில்தான் நன்றாக ஊறும். மாற்றிய மணி தண்ணீரிலும் ஊறும், மெத்தனால் போன்ற கரிமக் கரைப்பான்களிலும் ஊறும். மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வாளர்களில் எல்.எச்-20 நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கையாளாதவர்கள் குறைவு.

எடை பார்த்தால் போதாதா?

ஜெல் எவ்வளவு கரைப்பானை வாங்கியது என்று அறிய எளிய வழி எடை பார்ப்பது. காய்ந்த எடை ஒன்று, ஊறிய எடை ஒன்று, கழித்தால் விடை. இது நல்ல அளவீடு. ஆனால் அது சொல்வது மொத்தத்தை மட்டுமே. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையை வானத்திலிருந்து படம் பிடித்தால் எத்தனை பேர் கூடினார்கள் என்று கணக்கிடலாம். எந்த இடத்தில் நகர வழி இருக்கிறது, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்பதைக் கூட்டத்துக்குள் நடந்துபோகிறவர்தான் சொல்ல முடியும். கரைப்பானின் நிலையும் அப்படித்தான். ஒரே அளவு தண்ணீரை வாங்கிய இரண்டு ஜெல்களில், ஒன்றில் எல்லாத் தண்ணீரும் சரளமாக அசையலாம். மற்றொன்றில் பாதித் தண்ணீர் சங்கிலிகளை ஒட்டி மந்தமாக இருக்கலாம். தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிட வேண்டிய ஜெல்லுக்கும், பயிர் வேருக்கு நீரை விட்டுக்கொடுக்க வேண்டிய ஜெல்லுக்கும் இந்த வேறுபாடே உயிர்நாடி.

ஆகவே ஜெல்லுக்குள், கரைப்பானோடு கலந்து, கரைப்பான் மூலக்கூறின் அளவிலேயே இருந்து செய்தி அனுப்பும் ஒன்று நமக்குத் தேவை. அதுதான் ஸ்பின் புரோப்.

ஸ்பின் புரோப் செய்தி அனுப்புவது எப்படி

எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி (ஸ்பின்) உண்டு. அதனால் அது ஒரு மிகச் சிறிய காந்தம். பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இணை இணையாக இருப்பதால் அவற்றின் காந்தத் தன்மை ஒன்றையொன்று அழித்துவிடும். இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று இருந்தால் அது தனித்துத் தெரியும். காந்தப் புலத்தில் அது இரண்டு நிலைகளில் நிற்கும். சரியான ஆற்றலுள்ள நுண்ணலையைச் செலுத்தினால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவும். சுமார் 0.34 டெஸ்லா, அதாவது 3400 காஸ் காந்தப் புலத்தில் இந்தத் தாவலுக்கு 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை தேவை. இந்த உறிஞ்சுதலை 1944-இல் கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி முதன்முதலாகக் கண்டார். இதற்கு எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்று பெயர். ஆய்வகப் பேச்சில் இ.எஸ்.ஆர். என்பார்கள், இ.பி.ஆர். என்றும் சொல்வார்கள்.

தண்ணீருக்கும் அகருக்கும் இணையில்லா எலக்ட்ரான் கிடையாது. இந்தக் கருவி அவற்றைக் கண்டுகொள்ளாது. எனவே அத்தகைய எலக்ட்ரானைச் சுமந்த ஒரு சிறு மூலக்கூறை மிகக் குறைந்த அளவில் நாம் கலக்கிறோம். வழக்கமாக இணையில்லா எலக்ட்ரான் உள்ள தனி உறுப்புகள் கண்ணிமைக்கும் நேரத்தில் வினைபுரிந்து மறைந்துவிடும். நைட்ராக்சைடுகள் அப்படி அல்ல. அவற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பில் அந்த எலக்ட்ரான் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு மெத்தில் தொகுதிகள் அரணாக நிற்பதால் வேறு எதுவும் எளிதில் நெருங்க முடியாது. டெம்போ என்ற நைட்ராக்சைடு ஆரஞ்சுச் சிவப்புப் படிகமாகப் புட்டியில் விற்பனைக்கு வருகிறது. அதன் உருகுநிலை 36 முதல் 38 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசை மேல் வைத்தால் உருகிவிடும், குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஹார்டன் மெக்கனலின் குழு 1965-இல் இத்தகைய மூலக்கூறுகளைப் புரதங்களோடு பிணைத்து அவற்றின் அசைவை அளந்து காட்டியது. அதன்பின் இந்த முறை உயிரியலிலிருந்து பலபடிகளுக்கும் பரவியது. சங்கிலியோடு வேதிப் பிணைப்பில் கட்டிவிட்டால் அதை ஸ்பின் லேபிள் என்பார்கள். கட்டாமல் கரைப்பானில் சுதந்திரமாக விட்டால் அது ஸ்பின் புரோப். சங்கிலியின் அசைவை லேபிள் சொல்லும். கரைப்பானின் நிலையைப் புரோப் சொல்லும்.

மூன்று கோடுகளைப் படிப்பது

நைட்ராக்சைடின் நிறமாலையில் மூன்று கோடுகள் தெரியும். நைட்ரஜன் அணுக்கருவும் ஒரு சிறு காந்தம். அது மூன்று நிலைகளில் நிற்க முடியும். அதற்கேற்ப எலக்ட்ரான் உணரும் புலம் சற்றுக் கூடும், அப்படியே இருக்கும், அல்லது சற்றுக் குறையும். அதனால்தான் ஒரு கோடு மூன்றாகிறது. இந்த மூன்று கோடுகளிலிருந்து மூன்று வகைச் செய்திகள் கிடைக்கின்றன.

முதல் செய்தி, வேகம். நைட்ரஜனின் தாக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. மூலக்கூறின் இரண்டு திசைகளில் அது 6, 7 காஸ் அளவு. மூன்றாவது திசையில் 35 காஸ் அளவு. மூலக்கூறு வேகமாக உருண்டு புரண்டால் இவை மூன்றும் சராசரியாகி, கூர்மையான மூன்று கோடுகள் சம உயரத்தில் நிற்கும். சாதாரணத் தண்ணீரில் டெம்போ ஒருமுறை திசை மாற எடுக்கும் நேரம் சில பத்து பிக்கோநொடி. ஒரு பிக்கோநொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சுற்றுப்புறம் பாகாக மாற மாற இந்தச் சராசரி அரைகுறையாகும். முதலில் உயர்புலப் பக்கம் உள்ள மூன்றாவது கோடு குட்டையாகி அகலும். நேரம் நானோநொடியைத் தாண்டினால் வடிவமே மாறும். முற்றிலும் உறைந்துவிட்டால், வெளிக் கோடுகள் இரண்டும் ஏறத்தாழ 70 காஸ் இடைவெளியில் விலகி நிற்கும். கோடுகளின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டே புரோப் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கணக்கிடலாம். அந்த வேகம் அதைச் சூழ்ந்த கரைப்பானின் பாகுநிலையைச் சொல்லும்.

இரண்டாவது செய்தி, சுற்றுப்புறத்தின் முனைவுத்தன்மை, அதாவது அது நீரைப் போன்றதா, எண்ணெயைப் போன்றதா என்பது. கோடுகளுக்கு இடையிலான தூரம் தண்ணீரில் சுமார் 17 காஸ். டொலுவீன் போன்ற எண்ணெய்ப் பக்கக் கரைப்பானில் அது 15.5 அளவுக்குக் குறையும். தண்ணீர் மூலக்கூறு புரோப்பின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும்போது எலக்ட்ரான் நைட்ரஜன் பக்கம் தள்ளப்படுவதே காரணம். எனவே தூரத்தை அளந்தால், புரோப்பைச் சுற்றி உண்மையில் எந்தக் கரைப்பான் இருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது செய்தி, இடங்களின் எண்ணிக்கை. புரோப்களில் ஒரு பகுதி நீர் நிறைந்த இடத்திலும் மறு பகுதி எண்ணெய்ப் பசையுள்ள இடத்திலும் தங்கினால், மூன்றாவது கோடு இரண்டாகப் பிளக்கும். அந்தக் கோட்டில்தான் பிளவு முதலில் தெரியும்; ஏனென்றால் இரண்டு சூழல்களுக்கும் இடையில் கோடுகளின் இடைவெளியில் வரும் மாற்றமும் நிறமாலையின் மையத்தில் வரும் மாற்றமும் அங்கே ஒரே திசையில் கூடுகின்றன. முதல் கோட்டில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பிளந்த இரண்டு கூறுகளின் அளவை ஒப்பிட்டால், எத்தனை பங்கு புரோப் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.

ஜெல்கள் சொன்ன விடைகள்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அகர் ஜெல்லில் டெம்போவைக் கலந்து நிறமாலை எடுத்தால் என்ன தெரியும்? கைக்கு அந்தத் துண்டு திடப்பொருள். ஓட்டத்தை அளக்கும் கருவியைக் கேட்டால் பாகுநிலை அளவிட முடியாதபடி அதிகம் என்று சொல்லும். அந்தக் கணக்குப்படி புரோப் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் மூன்று கோடுகளும் கூர்மையாகவே இருக்கும். புரோப் ஏறத்தாழச் சாதாரணத் தண்ணீரில் சுழல்வதுபோலவே சுழல்கிறது. காரணம் எளிது. நீர்த்த அகரோஸ் ஜெல்லின் வலைக்கண் நூறு நானோமீட்டர் அளவு. டெம்போ மூலக்கூறு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அதன் கண்ணுக்கு வலை தொலைவில் இருக்கும் வேலி மட்டுமே. அதே ஜெல்லில் பெரிய டி.என்.ஏ. துண்டு முட்டி மோதித்தான் நகரும். திடம், திரவம் என்ற நம் பாகுபாடு யார் அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதை இந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

வலையை இறுக்கினால் நிலைமை மாறும். செபடெக்ஸ் வகைகளில் தளர்ந்ததிலிருந்து இறுகியதை நோக்கிப் போகும்போது கண்கள் நானோமீட்டர் அளவுக்குச் சுருங்குகின்றன. அங்கே கரைப்பான் முழுவதும் சங்கிலிகளுக்கு அண்டை அயலாகிவிடும், புரோப்பின் சுழற்சியும் மந்தப்படும். எல்.எச்-20 போன்ற மாற்றிய ஜெல்லில் இன்னொரு கேள்வி எழுகிறது. அதை மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் ஊறவைத்தால், வெளியே உள்ள கலவை விகிதமே உள்ளேயும் இருக்குமா? சங்கிலிகள் தமக்குப் பிடித்த கரைப்பானைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். வெளியே நீரின் பங்கு ஒன்று, உள்ளே வேறொன்று. தராசு காட்டாத இந்த வேறுபாட்டைக் கோடுகளின் இடைவெளி காட்டித்தரும். மூலிகைச் சாற்றில் எந்தப் பொருள் குழாயில் முந்தி வெளிவரும், எது பிந்தும் என்பதற்கு இந்த உள்கலவை ஒரு முக்கியக் காரணம்.

எண்ணெய்ப் பக்கம் உள்ள ஜெல்லுக்குப் பாலிஸ்டைரின் நல்ல எடுத்துக்காட்டு. புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் டைவினைல்பென்சீனால் லேசாகக் குறுக்குப் பிணைத்த பாலிஸ்டைரின் மணிகளின் மேல் புரதத் துண்டுகளைக் கட்டும் முறையைத் தந்தார். அதற்கு 1984-இல் நோபல் பரிசு பெற்றார். மணி மேல் வினை நடக்கிறது என்பார்கள். உண்மையில் வினையின் பெரும்பகுதி ஊறிய மணிக்குள் நடக்கிறது. கரைப்பான் மணியை ஊறவைக்காவிட்டால் வினைப்பொருள் உள்ளே போகாது. ஸ்டீவன் ரீகன் 1974-இல் இத்தகைய மணிகளில் நைட்ராக்சைடைப் பிணைத்து, கரைப்பானை மாற்றி மாற்றி நிறமாலை எடுத்தார். மணியை நன்றாக ஊறவைக்கும் கரைப்பானில் கோடுகள் கூர்ந்தன, ஊறவைக்காததில் அகன்றன. மணிக்குள் கரைப்பான் என்ன செய்கிறது என்பதை மூலக்கூறு அளவில் அளக்க முடியும் என்று அது காட்டியது. பின்னர் கேரளத்தில் வி.என். ராஜசேகரன் பிள்ளையின் குழு, டைவினைல்பென்சீனுக்குப் பதிலாக நீளமான, நீரை விரும்பும் டெட்ராஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டைக் குறுக்குப் பிணைப்பாக வைத்துப் பாலிஸ்டைரின் மணிகளை மாற்றியமைத்தது. முனைவுத்தன்மை மிக்க கரைப்பான்களிலும் மணி நன்கு ஊற வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் நோக்கம். நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த இந்த வேலை, மாற்றிய ஜெல்லின் பயன் கரைப்பானைப் பொறுத்தது என்பதற்கு நல்ல சான்று.

தாமாகச் சுருங்கும் ஜெல்கள் இன்னும் சுவையானவை. அக்ரிலமைடு ஜெல் அசிட்டோனும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் திடீரென்று பலமடங்கு சுருங்குவதை டொயோயிச்சி தனாகா 1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காட்டினார். பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்ற பலபடி தண்ணீரில் சுமார் 32 டிகிரியில் நீரை விட்டுவிட்டுச் சுருங்கும். மதுரைக் கோடையில் குளிரூட்டாத அறையில் அது சுருங்கிய நிலையிலேயே இருக்கும் என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் டாரியுஷ் ஹிண்டர்பெர்கரின் குழு 2008-இல் இத்தகைய ஜெல்லில் டெம்போவைக் கலந்து சூடாக்கிக்கொண்டே நிறமாலை எடுத்தது. மூன்றாவது கோடு பிளந்தது. அதாவது, ஜெல் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கவில்லை. நீர் வற்றிய பகுதிகளும் நீர் நிறைந்த பகுதிகளும் நானோமீட்டர் அளவில் அடுத்தடுத்து இருந்தன. அந்த மாற்றம் கணிசமான வெப்பநிலை வீச்சில் படிப்படியாக நடந்தது. கண்ணுக்கு ஒரே கட்டியாகத் தெரிவது உள்ளே திட்டுத் திட்டாக இருக்கிறது என்பதை எடையோ நீளமோ சொல்லியிருக்க முடியாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

இந்தக் கருவியை நேசிக்கிறவன் என்ற முறையில் அதன் எல்லைகளையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். புரோப் கரைப்பான் அல்ல. கரைப்பானுக்குள் இருக்கும் விருந்தாளி. அது தனக்குப் பிடித்த இடத்தைத் தேடிப் போகும். டெம்போ எண்ணெய்ப் பசையுள்ள இடத்தை ஓரளவு விரும்பும். டெம்போல் என்ற நைட்ராக்சைடும் மின்சுமை தாங்கிய புரோப்களும் தண்ணீரை விரும்பும். ஆகவே ஒரே ஜெல்லை இரண்டு மூன்று புரோப்களால் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். செறிவு ஒரு மில்லிமோலாருக்குக் கீழே இருக்க வேண்டும். மிஞ்சினால் புரோப்கள் தம்மோடு தாமே மோதிக் கோடுகளை அகலப்படுத்தும், அதை ஜெல்லின் மந்தம் என்று தவறாகப் படிக்க நேரும். காற்றின் ஆக்சிஜனும் காந்தத் தன்மை உள்ளது. கரைந்திருந்தால் அதுவும் கோட்டை அகலப்படுத்தும். தண்ணீர் நுண்ணலையை விழுங்கும் என்பதால் மாதிரியை மெல்லிய நுண்குழாயிலோ தட்டையான செல்லிலோதான் வைக்க வேண்டும். ஜெல்லை உறையவைத்தால் பனிக்கட்டி புரோப்பை வெளியே தள்ளும். அது உறையாமல் எஞ்சிய சிறு பகுதியில் குவிந்து அந்தப் பகுதியின் கதையை மட்டும் சொல்லும். இவற்றைக் கவனித்தால் மூன்று கோடுகளை முழுதாக நம்பலாம்.

இது நம் ஊர் அறிவியலும்தான்

இவ்வளவு நேரம் உப்சாலா, ஸ்டான்ஃபோர்டு, மைன்ஸ் என்று பேசினேன். இந்தத் துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறியது அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டி. மனோகரன், எஸ். சுப்பிரமணியன் போன்றோர் காந்த ஒத்ததிர்வு ஆய்வை வளர்த்தார்கள். சுப்பிரமணியன் பின்னர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் முரளி கிருஷ்ணா செருகுரியோடு சேர்ந்து, உயிருள்ள உடலுக்குள் ஸ்பின் புரோப் எங்கே இருக்கிறது என்று படம் எடுக்கும் முறையை உருவாக்குவதில் முன்னணியில் நின்றார். அந்த முயற்சியில் 1997-இல் வெளிவந்த முக்கியமான கட்டுரை ஒன்றின் முதல் பெயர் ஆர். முருகேசன். அவர் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர்.

இன்னும் அருகில் வாருங்கள். வைகைக்குத் தென்கரையில், நாகமலையில், நாடார் மகாஜன சங்கம் ச. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி இருக்கிறது. அதன் இயற்பியல் துறையிலிருந்து மில்டன் ஃபிராங்க்ளின் பெனியல் குழுவினர் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஹிடியோ உட்சுமியோடு சேர்ந்து நைட்ராக்சைடு புரோப்களை ஆராய்ந்தார்கள். எந்தப் புரோப் கொழுப்புப் படலத்தைத் தாண்டும், எது தாண்டாது என்று பார்த்தது ஒரு பணி. தண்ணீரோடு கிளிசரால் கலந்த பாகான திரவங்களில் புரோப்பின் காந்தத் தன்மை அண்டையிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களுக்கு எவ்வளவு கைமாறுகிறது என்று அளந்தது மற்றொரு பணி. இரண்டாவது பணி இன்றைய தலைப்புக்கு நேராகவே வருகிறது. முன்பு சொன்ன முறையில் புரோப் தன் நிலையைச் சொல்கிறது. இங்கே அது தொட்டுச் செல்லும் கரைப்பான் மூலக்கூறே பேசுகிறது. கரைப்பான் எவ்வளவு வேகமாக வந்து போகிறதோ அதற்கேற்ப இந்தக் கைமாற்றம் கூடும், குறையும். இதே முறையை ஜெல்லுக்குள் கொண்டுபோனால், வலையின் ஓரத்தில் நிற்கும் நீரைத் தனியாக விசாரிக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன

டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு பூசா ஹைட்ரோஜெல் என்ற நீர்தாங்கி ஜெல்லை உருவாக்கியது. தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு தண்ணீரை வாங்கும் என்று சொல்லப்படுகிறது. ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். மானாவாரி நிலம் மிகுந்த நம் மாவட்டத்துக்கு இத்தகைய பொருள் முக்கியமானது. ஆனால் மின்சுமை தாங்கிய சங்கிலிகள் உள்ள நீர்தாங்கி ஜெல்கள் உப்பு நீரில் குறைவாகவே ஊறும். நீரில் உள்ள கால்சியம் சங்கிலிகளை இறுகக் கட்டிவிடும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் வறண்டு கிணற்றை நம்பும் உழவருக்கு, வாலைவடிநீரில் எடுத்த எண்ணைவிட நம் ஊர்த் தண்ணீரில் அந்த ஜெல் எப்படி நடந்துகொள்கிறது என்பதே தேவை. வாங்கிய நீரில் எவ்வளவு பங்கு தளர்வாக இருக்கிறது, எவ்வளவு சங்கிலியோடு ஒட்டிக்கொண்டது? ஸ்பின் புரோப் விடை சொல்லக்கூடிய கேள்வி இது.

அகரிலும் அப்படியே. ஒரே கடற்கரையில் எடுத்த கஞ்சிப் பாசியைக் கார முறையில் மாற்றியும் மாற்றாமலும் இரண்டு அகர் எடுங்கள். ஒரே செறிவில் ஜெல் செய்யுங்கள். நீரை விரும்பும் புரோப் ஒன்றையும் எண்ணெய்ப் பக்கம் சாயும் புரோப் ஒன்றையும் தனித்தனியாகக் கலந்து, உருகும் நிலையிலிருந்து கட்டியாகும் நிலைவரை சூட்டைக் குறைத்துக்கொண்டே நிறமாலை எடுங்கள். அகர் 85 டிகிரிக்கு மேல் உருகுகிறது, 40-க்குக் கீழே கட்டியாகிறது. போகும் வழியும் திரும்பும் வழியும் வேறு. அந்த இடைவெளியில் கரைப்பான் என்ன செய்கிறது என்று பாருங்கள். இதற்குப் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளிக் கல்லூரிகளின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்கிறது. புரோப் தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கில். ஜெல் செய்யும் அடுப்பும் தராசும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. இங்கே விளாங்குடியில் பாத்திமா கல்லூரியில் படிக்கும் மாணவியும், ஆற்றுக்கு அப்பால் நாகமலையில் படிக்கும் மாணவரும் கூட்டாகச் செய்யக்கூடிய வேலை இது.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு பொருளின் குணம் அதை எந்த அளவில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. உழவர் கேட்பது வயல் அளவில். ஆலைக்காரர் கேட்பது டன் அளவில். சமையல்காரர் கேட்பது கரண்டி அளவில். இவர்கள் எல்லோருடைய கேள்விக்கும் வேர் மூலக்கூறு அளவில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கும் பழக்கம் இல்லாததால்தான் நம் கடலில் விளையும் பாசியை மூலப்பொருள் விலைக்கு விற்றுவிட்டு, சுத்தம் செய்து மாற்றிய அகரோஸை ஆய்வகங்களுக்குப் பலமடங்கு விலையில் வாங்குகிறோம். மண்டபத்தில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்ணின் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டுமானால், அந்தப் பாசியின் வலையில் நீர் எப்படித் தங்குகிறது என்று இந்த ஊரில் யாராவது ஒருவர் பொறுமையாக அளந்து, கற்று, ஆலைக்குச் சொல்லித்தர வேண்டும். அந்த ஒருவர் இந்த அவையில் இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.